டாட்ஜருக்குப் பிறகு

2006 மார்ச் 1 அன்று ஜாக் வைல்ட் இறந்தபோது வெளியான அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. 16 வயதில் ஆஸ்கார் பரிந்துரை. 21 வயதுக்குள் குடிக்கு அடிமை. 53 வயதில் வாய்ப் புற்றுநோயால் மரணம். இந்த மூன்று எண்களையும் ஒரு கோட்டில் நிறுத்திவிட்டால் கதை தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. சீக்கிரம் கிடைத்த புகழ், சீக்கிரம் வந்த அழிவு. பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை, பத்திரிகைகளுக்கு ஒரு பெட்டிச் செய்தி. நண்பர்கள் சிலர் சேர்ந்து அண்மையில் அவருடைய படங்களைத் தேடியெடுத்து வரிசையாகப் பார்த்தபோது எங்களுக்கு எழுந்த முதல் உணர்வு எரிச்சல்தான். அந்த நீதிக்கதைக்குள் ஒரு நடிகன் இல்லாமலே போய்விட்டான் என்பதே அதற்குக் காரணம்.

ஓர் எழுத்தாளனின் கடைசி ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனுடைய முதல் புத்தகத்தை வாசிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தற்கொலை செய்துகொண்டவனின் காதல் கவிதையிலும் கயிற்றைத் தேடுவோம். குழந்தை நடிகர்கள் விஷயத்தில் இந்தப் பழக்கம் இன்னும் கொடுமையாகிறது. ஏனெனில் அவர்கள் நடித்ததையே நாம் நடிப்பாக எண்ணுவதில்லை. இயல்பான துறுதுறுப்பு, பிறவிக் கவர்ச்சி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அப்படியானால் பின்னால் வரும் வீழ்ச்சி மட்டுமே அவர்கள் 'செய்த' காரியமாக மிஞ்சுகிறது. ஜாக் வைல்ட் செய்தது அதைவிட அதிகம் என்பது நம் கட்சி.

லங்காஷயரில் ஓல்ட்ஹாமை ஒட்டிய ராய்ட்டன் என்ற சிற்றூரில் 1952 செப்டம்பர் 30 அன்று அவர் பிறந்தார். குடும்பம் பிழைப்பைத் தேடி லண்டனின் மேற்கு ஓரத்தில் உள்ள ஹவுன்ஸ்லோவுக்குப் பெயர்ந்தது. அண்ணனோடு பூங்காவில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டெடுத்தவர் ஜூன் காலின்ஸ் என்ற பெண்மணி. பிற்காலத்தில் பெரும் பாடகரான ஃபில் காலின்ஸின் தாயார். அவர் வழியாகவே பார்பரா ஸ்பீக் நாடகப் பள்ளி வாய்த்தது. லயனல் பார்ட் எழுதிய 'ஆலிவர்!' இசைநாடகம் 1960 முதல் லண்டன் மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுவர் பட்டாளமே தேவைப்பட்ட அந்த நாடகம் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் தந்தது. வைல்ட் அதில் சார்லி பேட்ஸ் என்ற சிறு திருடனாக நடித்தார். எனவே 1967இல் ஷெப்பர்டன் படப்பிடிப்புத் தளத்தில் கரோல் ரீடின் காமிராவுக்கு முன்னால் அவர் வந்து நின்றபோது, தெருவிலிருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்ட பாமரச் சிறுவனாக வரவில்லை. ஆடவும் பாடவும், இரவுக்கு இரவு அதே சிரிப்பைப் புதிதாகச் சிரிக்கவும் பயின்ற தொழிலாளியாக வந்தார். இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

டாட்ஜர் என்ற பாத்திரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய நாவலில், பசியோடு நடந்து வரும் ஆலிவர் பார்னெட் என்ற ஊரில் இவனைச் சந்திக்கிறான். இயற்பெயர் ஜாக் டாக்கின்ஸ். வயது ஆலிவரின் வயதுதான். ஆனால் அணிந்திருப்பது குதிகால் வரை தொங்கும் ஒரு பெரிய ஆளின் கோட்டு. கைகள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அதன் நுனிகளைப் பாதிக் கை வரை மடித்துவிட்டிருக்கிறான். தலையில் எந்நேரமும் விழுந்துவிடக் கூடிய தொப்பி. வளர்ந்த மனிதனின் தோரணை முழுவதும் அவனிடம் உண்டு, வளர்ச்சி மட்டும் இல்லை. டிக்கன்ஸே 12 வயதில் காலணிமைத் தொழிற்சாலையில் பெரியவர்களின் உலகத்துக்குள் கூலிக்குத் தள்ளப்பட்டவர் என்பதை நினைவில் கொண்டால், இந்தக் கோட்டு வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. ஆலிவர் எங்கே போனாலும் அழுக்குப் படாத குழந்தை. நற்குடிப் பிறப்பு அவனைக் காக்கிறது. டாட்ஜரைக் காக்க யாருமில்லை. ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்காகப் பிடிபட்டு, நீதிமன்றத்தில் நீதிபதியையே கிண்டல் செய்துவிட்டு, நாடு கடத்தலை நோக்கி அழைத்துச் செல்லப்படுகிறான். அதன்பிறகு அவனுக்கு என்ன ஆயிற்று என்று நாவல் சொல்வதில்லை.

எனவே இப்பாத்திரத்தில் நடிப்பவனுக்குத் துறுதுறுப்பு போதாது. ஒரு குழந்தை, பெரியவனைப் போல நடித்துக்கொண்டிருப்பதை நடித்துக் காட்ட வேண்டும். நடிப்புக்குள் நடிப்பு. வைல்டின் டாட்ஜரை இப்போது மறுபடி பாருங்கள். ஆலிவரைச் சந்தையின் ஊடாக அழைத்துச் செல்லும் அந்த நீண்ட பாடற்காட்சியில் முகம் முழுக்க வரவேற்பு. கண்கள் மட்டும் வேலையில் இருக்கின்றன. யாருடைய பை எங்கே திறந்திருக்கிறது என்பதை அவை எண்ணிக்கொண்டே வருகின்றன. புதியவனைத் தோளில் கைபோட்டு அழைத்துச் செல்லும் அன்பு பொய்யில்லை, அது ஆள்பிடிப்பும்கூட என்பதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே உடலில் வைத்துக்கொண்டு தாளம் தவறாமல் ஆடுவதென்பது 15 வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவன் செய்த காரியம். நான்சியின் முன்னால் கனவானைப் போலக் குனிந்து வணங்கும் காட்சியில் இன்னொன்று தெரிகிறது. மேட்டுக்குடியினரைக் கேலி செய்கிறான். அந்தக் கேலிக்குள் அவர்களைப் போல் ஆகிவிட வேண்டும் என்ற ஆசையும் கசிகிறது. ஆலிவராக நடித்த மார்க் லெஸ்டர் அழகான முகம், அவ்வளவே. அவருடைய பாடற்குரல்கூட இன்னொருவருடையது. இசையமைப்பாளர் ஜானி கிரீனின் மகள் பாடியது. வைல்ட் தம் குரலிலேயே பாடினார்.

கரோல் ரீடுக்கும் இதில் பங்குண்டு. கிரகாம் கிரீன் கதையிலிருந்து 1948இல் அவர் எடுத்த 'தி ஃபாலன் ஐடல்' படத்தில் பாபி ஹென்றி என்ற, நடிப்பே அறியாத சிறுவனைத் துண்டு துண்டாகப் படம்பிடித்துத் தொகுப்பு மேசையில் ஒரு மகத்தான நடிப்பை உருவாக்கிக் காட்டியவர் அவர். வைல்டிடம் அந்த வித்தை தேவைப்படவில்லை. பல இடங்களில் காமிராவை விலக்கி வைத்து முழு உடலையும் ஆடவிடுகிறார். முடிவையும் மாற்றினார்கள். நாவலில் ஃபேகின் தூக்குமேடைக்குப் போகிறான். மேடை நாடகத்தில் தனியே நடந்து போகிறான். படத்திலோ சேர்த்து வைத்த நகைகள் சேற்றில் மூழ்கிப்போய், திருந்திவிடலாமா என்று அவன் தயங்கி நிற்கும் விடிகாலையில், புதிதாக அடித்த பணப்பையோடு டாட்ஜர் வந்து சேர்கிறான். இருவரும் ஆடிக்கொண்டே போய்விடுகிறார்கள். டிக்கன்ஸ் பக்தர்கள் சிலர் இதைத் துரோகம் என்பார்கள். நமக்கும் ஒரு காலத்தில் அப்படியே தோன்றியது. இப்போது பார்க்கையில், ரான் மூடியையும் வைல்டையும் பிரிக்கப் படக்குழுவுக்கு மனம் வரவில்லை என்றே படுகிறது.

1968இல் வெளியான 'ஆலிவர்!' மறு ஆண்டு சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகளைப் போட்டியில் வென்றது. வைல்டுக்குச் சிறந்த துணை நடிகருக்கான பரிந்துரை கிடைத்தது. சிறுவர்களுக்கென்று தனியாக அளிக்கப்பட்டுவந்த சிறு விருது 1961இல் ஹேலி மில்ஸோடு நின்றுவிட்டது. ஆகவே ஜாக் ஆல்பர்ட்சன், ஜீன் வைல்டர், டேனியல் மாஸி, சீமோர் காசெல் என்ற வளர்ந்த நடிகர்களோடு ஒரே பட்டியலில் அவர் பெயர் நின்றது. விருது ஆல்பர்ட்சனுக்குப் போயிற்று.

இங்கே ஒரு கேள்வி. இதே பாத்திரம் இதற்கு முன்பும் ஒரு சிறுவனிடம் போயிருக்கிறது. டேவிட் லீன் 1948இல் எடுத்த 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தின் டாட்ஜர் ஆண்டனி நியூலி. அவரும் லண்டனின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் நியூலி வளர்ந்து பாடகரானார், நாடகாசிரியரானார், 'கோல்ட்ஃபிங்கர்' படப்பாடலின் வரிகளை இணைந்து எழுதியவரானார். டாட்ஜர் அவரை விழுங்கவில்லை. ஒரே பாத்திரம், இருபது ஆண்டு இடைவெளி, இரண்டு விதிகள். 'புகழ் கெடுத்தது' என்ற நீதிக்கதையால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. நம் விடை மிகவும் சாதாரணமானது, ஏறக்குறைய உடற்கூறு சார்ந்தது: நியூலி கண்ணெதிரே வளர்ந்தார், வைல்ட் வளர்ந்ததாகக் காமிராவுக்குத் தெரியவில்லை. குட்டையான உடல், சப்பை மூக்கு, குறும்பு முகம். பட நிறுவனங்களுக்கு இது வரப்பிரசாதம். சட்டப்படி வேலை நேரத்தையும் பள்ளிப் படிப்பையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய நிஜக் குழந்தையைவிட, குழந்தையாகத் தெரியும் இளைஞன் வசதியானவன்.

அமெரிக்கா கூப்பிட்டது. சிட், மார்ட்டி கிராஃப்ட் சகோதரர்களின் 'எச்.ஆர். பஃப்ன்ஸ்டஃப்' என்ற தொலைக்காட்சித் தொடர் 1969இல் என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. பேசும் புல்லாங்குழல், பொம்மை டிராகன், ஒரு சூனியக்காரி, நடுவே ஜிம்மி என்ற சிறுவன். 17 பகுதிகள் மட்டுமே எடுக்கப்பட்டாலும் மறு ஒளிபரப்புகளில் பல்லாண்டுகள் ஓடின. மூன்று இசைத்தட்டுகளும் வந்தன. இவற்றைப் பற்றிச் சொல்ல நம்மிடம் அதிகம் இல்லை. அதே சிரிப்பு, கண்களில் அந்தக் கணக்கு மட்டும் காணாமல் போயிருந்தது.

அது திரும்பி வந்தது 1971இன் 'மெலடி' படத்தில். ஆலன் பார்க்கர் எழுதிய முதல் திரைக்கதை. டேவிட் பட்னம் தயாரித்த முதல் படம். பீ ஜீஸ் குழுவினரின் பாடல்கள். இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். அவருடைய தாயார்தான் லக்னோவின் தாலுக்தார் குடும்ப வாழ்வை ஆங்கில நாவலாக எழுதிய அத்தியா ஹுசைன் என்பது இலக்கிய வாசகர்களுக்கு ஓர் உபரி மகிழ்ச்சி. பிரிட்டனில் இந்தப் படத்துக்கு 'எஸ்.டபிள்யூ.ஏ.எல்.கே.' என்று பெயர் சூட்டினார்கள். காதல் கடித உறையின் பின்புறம் எழுதும் சுருக்கெழுத்தாம். இப்படியொரு பெயரை வைத்துவிட்டுப் படம் ஏன் ஓடவில்லை என்று வருந்தியிருக்கிறார்கள். ஜப்பானில் அது கொண்டாடப்பட்டது.

டேனியல், மெலடி என்ற இரண்டு பள்ளிக் குழந்தைகள் காதலிக்கிறார்கள். உடனே திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். கதை இவ்வளவே. டேனியலாக மீண்டும் மார்க் லெஸ்டர். அவனுடைய ஏழை நண்பன் ஆர்ன்ஷாவாக வைல்ட். படப்பிடிப்பின்போது லெஸ்டருக்கு 12 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, வைல்டுக்கு 17. இருவரும் ஒரே வகுப்பு மாணவர்கள் என்று நம்மை நம்பச் சொல்கிறது படம், நாமும் நம்பிவிடுகிறோம். வீட்டில் தாத்தாவுக்குச் சமைத்துப்போட வேண்டிய பொறுப்பு ஆர்ன்ஷாவுக்கு உண்டு. எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறான், எல்லாரையும்விட அதிகம் அடிபடுகிறான். பள்ளி விட்டதும் டேனியல் மெலடியோடு போகத் தொடங்கும் காட்சிதான் படத்தின் உயிர் என்று நாங்கள் எல்லாருமே ஒருமனதாகச் சொன்னோம் (எங்களுக்குள் அது அபூர்வம்). முதலில் ஆர்ன்ஷா வேடிக்கை காட்டித் தடுக்கப் பார்க்கிறான். பிறகு ஆசை காட்டுகிறான். பிறகு குரலில் ஒரு கெஞ்சல் வந்துவிடுகிறது. அது வந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்ததும் முகம் சிவக்கிறது. நண்பன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். காதலைப் பற்றிய படத்தில், காதலால் கைவிடப்பட்டவனின் வலி இத்தனை துல்லியமாகப் பதிவாகியிருப்பதற்கு வைல்டின் வயதே காரணம் என்று தோன்றுகிறது. 11 வயதுச் சிறுவனால் பொறாமைப்பட முடியும். தன் பொறாமையைக் கண்டு வெட்கப்படுவதை நடித்துக் காட்ட முடியாது.

கடைசியில் ஆர்ன்ஷாவே புரோகிதனாகி அவர்களுக்கு மணம் செய்துவைக்கிறான், ஆசிரியர்கள் துரத்திவர இருவரையும் ரயில்பாதைத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பிவைக்கிறான். வண்டி தண்டவாளத்தில் சிறிதாகிச் சிறிதாகி மறைகிறது. அவன் இந்தப் பக்கம் நின்றுவிடுகிறான்.

இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எங்களில் ஒருவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆலிவர்கள் எல்லாரும் சினிமாவிலிருந்து தப்பிப் போயிருக்கிறார்கள். 1948இன் ஆலிவரான ஜான் ஹவர்ட் டேவிஸ் காமிராவுக்குப் பின்னால் போய் பி.பி.சி.யின் புகழ்பெற்ற நகைச்சுவைத் தயாரிப்பாளர் ஆனார். மார்க் லெஸ்டர் எழுபதுகளின் பிற்பகுதியில் நடிப்பை விட்டுவிட்டுப் பின்னாளில் எலும்புமூட்டு மருத்துவம் படித்துத் தொழில் நடத்தினார். வந்தார்கள், அழகாக நின்றார்கள், வேறு வாழ்க்கைக்குள் போய்விட்டார்கள். டாட்ஜர்களால் அப்படிப் போக முடியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த தொழிலே இதுதான், அதை நன்றாகவும் தெரிந்துவைத்திருந்தார்கள். நியூலிக்கு அத்தொழில் இடம் கொடுத்தது. வைல்டுக்குக் கொடுக்கவில்லை.

ஜாக் டெமி 1972இல் எடுத்த 'தி பைட் பைப்பர்' படத்தில் ஊன்றுகோலோடு நடக்கும் காவின் என்ற சிறுவனாக வருகிறார். ஊர்க் குழந்தைகள் அனைவரும் குழலோசையின் பின்னால் போய்விட, நொண்டிச் சிறுவன் ஒருவன் மட்டும் பின்தங்கிப் போவதைப் பிரவுனிங்கின் கவிதை வழியாக நாம் அறிவோம். 20 வயதை நெருங்கிக்கொண்டிருந்த இளைஞனை இன்னும் அந்தச் சிறுவனின் இடத்தில்தான் வைக்கத் தெரிந்தது அவர்களுக்கு. அடுத்த ஆண்டு வந்த 'தி 14' படத்தை இயக்கியவர் டேவிட் ஹெம்மிங்ஸ். தாயை இழந்த 14 உடன்பிறப்புகள், அவர்களைப் பிரிந்துவிடாமல் கட்டிக்காக்கப் போராடும் மூத்த பையன். ஹெம்மிங்ஸ் தாமே சிறுவயதில் பிரிட்டனின் இசைநாடகத்தில் பாடியவர், குரல் உடைந்ததும் வேறு வழி தேடியவர். குழந்தைக் கலைஞனுக்கு அடுத்த படி என்ன என்பதை அனுபவத்தில் அறிந்தவர் என்பதாலோ என்னவோ, வைல்டுக்கு ஒரு பெரியவனின் சுமையைக் கொடுத்தார். அதில் அவர் சிரிப்பதே குறைவு. அங்கிருந்து ஒரு முழு நடிகனின் பாதை தொடங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு பெயர் சொல்லும்படியான முதன்மைப் பாத்திரம் எதுவும் வரவில்லை.

1976இல் பி.பி.சி. எடுத்த 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' தொடரில் சார்லி ஹெக்ஸம் ஆனார். மறுபடியும் டிக்கன்ஸ்; ஆனால் இம்முறை, படித்து மேலேறுவதற்காகத் தன்னை வளர்த்த அக்காவையே உதறும் ஆற்றங்கரைச் சிறுவன். டாட்ஜரின் நேர் எதிர்த் திசை. அந்தத் தேர்வைச் செய்தவர் யாராயினும் அவருக்கு வைல்டைப் புரிந்திருக்கிறது.

குடியைப் பற்றிச் சொல்லாமல் தப்பிக்க நாம் முயலவில்லை. அது எழுபதுகளிலேயே அவரை வென்றுவிட்டது. திருமணத்தையும் உடலையும் குலைத்தது. 1989இல் அவர் அதை விட்டொழித்தார். அந்த வெற்றியை அஞ்சலிக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, ஏனெனில் அது வீழ்ச்சிக் கதைக்குப் பொருந்தாது. எந்த நடிகனும் வேலையில்லாததால்தான் குடிகாரனாகிறான் என்று வாதிடுவதும் மற்றொரு நீதிக்கதையாகிவிடும். நாம் சொல்வது இதைத்தான்: வாய்ப்புகள் வற்றியதற்குக் குடி மட்டுமே காரணம் என்று எழுதுகிறவர்கள் தேதிகளைப் பார்ப்பதில்லை. 17 வயதில் 11 வயதாக நடிக்கச் சொன்னபோதே அந்த வாசல் சாத்தப்படத் தொடங்கிவிட்டது. 1991இல் கெவின் காஸ்ட்னரின் 'ராபின் ஹூட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' வந்தபோது மில்லர் மகன் மச் என்ற சிறு வேடத்தில் கூட்டத்தின் நடுவே அவர் நிற்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த கணத்தில் எங்களில் இருவர் சத்தம் போட்டுவிட்டார்கள்.

புற்றுநோய் 2000இல் தெரியவந்தது. குடியும் புகையும் தாமே தேடிக்கொண்டவை என்று வெளிப்படையாகச் சொன்னார்; மற்றவர்களை எச்சரித்துப் பேசியும் வந்தார். 2004இல் நடந்த அறுவைச் சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதியும் குரல்நாண்களும் அகற்றப்பட்டன. 'ஆலிவர்!' படத்தில் சொந்தக் குரலில் பாடிய சிறுவன் அதன்பிறகு மனைவியின் வாய் வழியாகவே உலகத்தோடு பேசினார். ஆயினும் மேடையை விடவில்லை. கிறிஸ்துமஸ் காலத்து 'சிண்ட்ரெல்லா' நாடகமொன்றில் வசனமே இல்லாத வேடமொன்றை ஏற்று நடித்தார். குழந்தைகள் சிரித்தார்களா, அவருடைய கண்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பதைப் பார்க்கும் ஆசை நமக்கு இருக்கிறது.

அவருடைய தன்வரலாறு இறந்து பத்தாண்டுகளுக்குப் பின்னர் 2016இல் புத்தகமாக வந்தது. அதன் தலைப்பிலும் டாட்ஜர்தான் இருக்கிறான்.